யார் விற்றே ஆக வேண்டும்?

சந்தை ஒரே நாளில் பெரிதாக விழும்போதெல்லாம் உறவினர்களிடமிருந்தும் நண்பர்களிடமிருந்தும் எனக்கு ஒரே கேள்விதான் வருகிறது: "என்னப்பா செய்தி? எதுக்கு இப்படி விழுது?" தொலைக்காட்சியும் அதையேதான் கேட்கிறது. மாலைக்குள் ஒரு காரணமும் கிடைத்துவிடுகிறது. அமெரிக்க வட்டி, கச்சா எண்ணெய், தேர்தல், போர் என்று ஏதாவது ஒன்று. இந்தச் சரிவுகளைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பல வருடங்களாகப் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. செய்தியை மட்டும் தேடினால் சரிவு புரியாது. அன்றைக்கு விற்றே ஆக வேண்டிய நிலையில் இருந்தவர்கள் யார், அந்த நிலைக்கு அவர்கள் எப்படி வந்தார்கள் என்று தேட வேண்டும்.

இதற்கு 1987 அக்டோபர் 19-ஐவிடத் தெளிவான சாட்சி கிடையாது. அந்தத் திங்கட்கிழமை அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு 508 புள்ளிகள் விழுந்தது. இன்று 508 புள்ளி என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அன்று அது 22.6 சதவீதம். ஒரே நாளில் இவ்வளவு பெரிய சதவீத வீழ்ச்சியை டவ் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. 1929-இல்கூட ஒரு நாளில் இவ்வளவு விழவில்லை.

அன்று என்ன நடந்துவிட்டது? போர் மூளவில்லை, பெரிய வங்கி எதுவும் திவாலாகவில்லை. முந்தைய வாரம் அமெரிக்க வர்த்தகப் பற்றாக்குறை எதிர்பார்த்ததைவிட மோசமாக வந்திருந்தது. நிறுவனங்களைக் கடன் வாங்கிக் கையகப்படுத்துவோருக்கு வரிச்சலுகையைக் குறைக்கும் யோசனை ஒன்று நாடாளுமன்றத்தில் வந்திருந்தது. டாலர் விஷயத்தில் ஜெர்மனியோடு அமெரிக்க நிதியமைச்சர் ஜேம்ஸ் பேக்கருக்கு உரசல். எல்லாம் உண்மையான செய்திகள்தான். ஆனால் அமெரிக்க நிறுவனங்களின் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே பகலில் அழிய இவை போதுமா? பொருளாதார அறிஞர் ராபர்ட் ஷில்லர் அந்த வாரமே முதலீட்டாளர்களுக்கு வினாத்தாள் அனுப்பிக் கேட்டார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவர் அவர். குறிப்பிட்ட எந்தச் செய்தியும் தங்களை விற்கவைத்ததாகப் பெரும்பாலானவர்கள் சொல்லவில்லை. விலை விழுந்ததுதான் அவர்களுக்குச் செய்தியாக இருந்தது.

அப்படியானால் முதலில் விலையை விழவைத்தது எது? இங்கேதான் போர்ட்ஃபோலியோ இன்ஷூரன்ஸ் என்ற ஏற்பாடு வருகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு வந்த பல சரிவுகளின் உள்கட்டமைப்பு இதுதான்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஹேன் லேலண்ட், மார்க் ரூபின்ஸ்டீன் என்ற இரண்டு பேராசிரியர்கள். பெரிய ஓய்வூதிய நிதிகளுக்கு அவர்கள் ஒரு வழி சொன்னார்கள். உங்களிடம் உள்ள பங்குகளை விற்க வேண்டாம். சந்தை விழ ஆரம்பித்தால் சிகாகோ சந்தையில் குறியீட்டு ஃப்யூச்சர்ஸை, அதாவது இன்று பேசிய விலைக்குப் பின்னொரு நாளில் தீர்த்துக்கொள்ளும் ஒப்பந்தங்களை, கொஞ்சம் விற்றுவிடுங்கள். இன்னும் விழுந்தால் இன்னும் கொஞ்சம். எவ்வளவு விழுந்தால் எவ்வளவு விற்க வேண்டும் என்று சூத்திரம் சொல்லிவிடும். ஃப்யூச்சர்ஸில் வரும் லாபம் பங்கில் வரும் நட்டத்தை ஈடுகட்டும். நட்டத்துக்கு ஒரு தரை போட்டாயிற்று, இனி தைரியமாகப் பங்குகளை வைத்திருக்கலாம். கணக்கில் பிழையே கிடையாது. ஒருவர் மட்டும் செய்தால் அருமையான ஏற்பாடு.

ஆனால் 1987-க்குள் பல்லாயிரம் கோடி டாலர் சொத்து இந்த ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டது. உண்மையான காப்பீட்டில் பிரீமியம் வாங்கிக்கொண்டு ஆபத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ள ஒரு நிறுவனம் இருக்கும். இங்கே அப்படி யாரும் இல்லை. சந்தை விழும்போது இவர்கள் எல்லோரும் விற்பதை வாங்க யாராவது இருப்பார்கள் என்ற நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. அந்த வாங்குபவர் யார் என்று எந்தச் சூத்திரத்திலும் எழுதவில்லை.

சரிவை ஆராய்ந்த பிராடி குழுவின் அறிக்கை 1988 ஜனவரியில் வந்தது. அதில் என்னை அதிகம் பாதித்த கணக்கு ஒன்று உண்டு. சரிவுக்கு முந்தைய புதன், வியாழன், வெள்ளி மூன்று நாட்களில் சந்தை ஏற்கெனவே நன்றாக இறங்கியிருந்தது. சூத்திரங்களின்படி பார்த்தால் அந்த மூன்று நாட்களில் குறைந்தது 1,200 கோடி டாலருக்கு விற்றிருக்க வேண்டும். விற்றது 400 கோடிக்கும் குறைவு. மீதி திங்கட்கிழமைக்குக் காத்திருந்தது. இது தரகர்களுக்குத் தெரியும். பெரிய நிதி நிறுவனங்களுக்கும் தெரியும். விற்றே ஆக வேண்டியவர் வாசலில் நிற்கிறார் என்று தெரிந்துவிட்டால் அவருக்கு முன்னால் விற்றுவிட யார்தான் நினைக்க மாட்டார்கள்? திங்கள் காலை சந்தை திறந்தபோது வாங்குபவர்கள் விலகி நின்றார்கள். சிகாகோவில் ஃப்யூச்சர்ஸ் விலை, பங்குகளின் விலையைவிடக் கீழே போனது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் லாபம் பார்ப்பவர்கள் ஃப்யூச்சர்ஸை வாங்கி நியூயார்க்கில் பங்குகளை விற்றார்கள். சிகாகோவின் வீழ்ச்சி நியூயார்க்குக்கு வந்தது. நியூயார்க்கில் விலை இறங்கியதும் சூத்திரங்கள் மறுபடியும் சிகாகோவில் விற்கச் சொன்னன. அன்று மாலைக்குள் நியூயார்க்கில் 60 கோடிக்கும் அதிகமான பங்குகள் கைமாறியிருந்தன.

நிம்மதியாகத் தூங்கத்தான் அந்த ஓய்வூதிய நிதிகள் இந்த ஏற்பாட்டை வாங்கின. அந்தப் பாதுகாப்பே அவர்களைக் கட்டாய விற்பனையாளர்களாக மாற்றியது.

இது கணினியால் வந்த கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். கணினி என்ற சொல்லே இல்லாத காலத்தில், நம் பம்பாயில், இதே கதை நடந்திருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861-இல் தொடங்கியதும் இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது நின்றுபோனது. இந்தியப் பருத்திக்கு வரலாறு காணாத விலை. பம்பாயில் பணம் கொட்டியது. அந்தப் பணம் வங்கிகள், நிதிக் கழகங்கள், கடலை நிரப்பி நிலமாக்கும் கம்பெனிகள் என்று புதிது புதிதாய் முளைத்த பங்குகளுக்குள் போனது. பாக் பே நிலமீட்புக் கம்பெனியின் பங்கு 5,000 ரூபாய். அது 50,000 ரூபாய் வரை விற்றது. அந்தக் காலத்து 50,000 ரூபாய். பிரேம்சந்த் ராய்சந்த் என்ற பருத்தி, பங்கு வணிகர் இந்த அலையின் நடுவே இருந்தார். அவர் சொன்னால் வங்கி கடன் கொடுக்கும் என்ற நிலை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது விலை ஏறியதை அல்ல. பெரும்பாலான வியாபாரம் ரொக்கத்துக்கு நடக்கவில்லை. 'டைம் பார்கெய்ன்' என்ற தவணை ஒப்பந்தங்களில் நடந்தது. இன்று விலை பேசிக்கொள்வோம், பணத்தை 1865 ஜூலை 1 அன்று தருகிறேன், பங்கை அன்று தா என்கிற ஒப்பந்தம். இன்றைய ஃப்யூச்சர்ஸின் பாட்டன். கையில் காசில்லாதவரும் லட்சக்கணக்கில் ஒப்பந்தம் போட்டார். ஏப்ரலில் அமெரிக்கப் போர் முடிவுக்கு வந்தது, அந்தச் செய்தி எட்டியதும் பருத்தி விலை உடைந்தது. ஒப்பந்தங்களோ அப்படியே நின்றன. ஊரிலுள்ள பாதி வணிகர்கள் மீதிப் பாதிக்கு ஒரே நாளில் பணம் தர வேண்டும், யாரிடமும் பணம் இல்லை. ஜூலை 1 வந்தது, பம்பாய் திவாலானது. பாக் பே பங்கு 2,000 ரூபாய்க்கும் கீழே போனது. கடன் கொடுத்த பாங்க் ஆஃப் பாம்பே சில ஆண்டுகளில் மூடப்பட்டது. தின்ஷா வாச்சா இதைப் பற்றி ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார். மும்பைப் பல்கலைக்கழகத்தில் இன்றும் நிற்கும் ராஜாபாய் மணிக்கூண்டு, இதே பிரேம்சந்த் தன் தாயின் பெயரில் கட்டக் கொடுத்த கொடையில் எழுந்தது. மும்பை போகிறவர்கள் அதை அண்ணாந்து பார்க்கும்போது 1865-ஆம் ஆண்டையும் நினைத்துக்கொள்ளலாம்.

கடன் எப்படி ஒருவரை விற்பனையாளராக்குகிறது என்பதை நம் ஊர் நகைக்கடனோடு வைத்துப் பாருங்கள். நகையின் மதிப்பில் ஒரு பங்கைத்தான் வங்கி கடனாகத் தரும். தங்கம் விலை இறங்கிவிட்டால் வித்தியாசத்தைக் கட்டச் சொல்லும், கட்டாவிட்டால் ஏலம். தங்கம் மெதுவாக இறங்கும், வங்கியும் கடிதம் போடும், அவகாசம் தரும். பங்குச்சந்தையில் இதே வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மார்ஜின் கால் காலையில் வரும், மதியத்துக்குள் பணம் வராவிட்டால் தரகரே விற்றுவிடுவார். அவர் விற்பதால் விலை இன்னும் இறங்கும். அந்த விலை இன்னொருவருக்கு மார்ஜின் காலாகப் போய்ச் சேரும்.

1929 எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்து டாலர் போட்டு நூறு டாலர் பங்கு வாங்கலாம் என்ற காலம் அது. தரகர்கள் வழியாகப் போன கடன் 800 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அக்டோபர் 24, வியாழக்கிழமை. பங்கு விலையை அச்சிட்டுச் சொல்லும் டிக்கர் இயந்திரம் பல மணி நேரம் பின்தங்கிப்போனது. தன் பங்கு என்ன விலை என்றே தெரியாமல் ஜனங்கள் விற்றார்கள். பெரிய வங்கிகள் சேர்ந்து பணம் போட்டு அன்றைய வீழ்ச்சியைத் தடுத்தன. அடுத்த திங்கள், செவ்வாய் இரண்டு நாட்களையும் அவர்களால் தடுக்க முடியவில்லை. 1929 செப்டம்பரில் 381-இல் இருந்த டவ், 1932 ஜூலையில் 41. பழைய உச்சத்தை அது மறுபடி தொட்டது 1954-இல்.

1987-இல் விழுந்த சந்தையோ இரண்டே ஆண்டுகளில் பழைய உச்சத்துக்குத் திரும்பிவிட்டது. ஏன் இந்த வித்தியாசம்? இதற்கு எனக்கு நம்பும்படியாகத் தோன்றும் விடை, சரிவுக்கு மறுநாள் நடந்ததில் இருக்கிறது. 1987 அக்டோபர் 20 காலை, சந்தை திறப்பதற்கு முன்பே, அமெரிக்க மத்திய வங்கி ஒற்றை வாக்கியத்தில் ஓர் அறிக்கை விட்டது: தேவையான பணத்தைத் தர நாங்கள் தயாராக இருக்கிறோம் என்பது அதன் சாரம். ஆலன் கிரீன்ஸ்பான் அந்தப் பதவிக்கு வந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வங்கிகள் தரகர்களுக்குக் கடனை நிறுத்தவில்லை, விற்றே ஆக வேண்டிய நிலை அடுத்தவருக்குத் தொற்றவில்லை. 1929-க்குப் பிறகு நடந்தது நேர்மாறு. 1930-இலிருந்து 1933 வரை ஆயிரக்கணக்கான அமெரிக்க வங்கிகள் மூடப்பட்டன, அவற்றில் போட்டிருந்த எளிய மனிதர்களின் சேமிப்பும் போயிற்று. பங்கே வாங்காத விவசாயியும் அதில் அழிந்தார்.

நம் நாட்டுக்கு வருகிறேன். பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் காலத்தை இன்று வெப் சீரிஸாகப் பார்க்கிற தலைமுறைக்கு அது ஒரு நாயகனின் கதை போலத் தெரிகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. வங்கிகள் தங்களுக்குள் அரசுப் பத்திரங்களைக் குறுகிய காலத்துக்குக் கைமாற்றிக்கொள்ளும் ரெடி ஃபார்வர்டு வியாபாரத்தில் மேத்தாவும் அவரைப் போன்றவர்களும் தரகர்களாக நுழைந்து, நடுவில் நின்ற வங்கிப் பணத்தைப் பங்குகளில் கொட்டினார்கள். பத்திரமே இல்லாமல் சின்ன வங்கிகளிலிருந்து பேங்க் ரெசீப்ட் வாங்கிக் காட்டினார்கள். ஏசிசி பங்கு சில நூறு ரூபாயிலிருந்து 9,000 ரூபாயைத் தொட்டது. 1992 ஏப்ரல் 22 அன்று சென்செக்ஸ் 4,467. மறுநாள் ஏப்ரல் 23-இல் சுசேதா தலால் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஸ்டேட் வங்கியின் பணம் இப்படிப் போன விவகாரத்தை எழுதினார். ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 570 புள்ளி, அதாவது 12.77 சதவீதம் விழுந்தது. வங்கிகள் பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பங்குகளைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. கதை மறுபடியும் அதேதான்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு கூட்டம் உண்டு. ஹர்ஷத் மேத்தா வழியாகக் கைமாறிய பங்குகள் 'டெய்ன்டட் ஷேர்ஸ்' என்று முடக்கப்பட்டன. சந்தையில் காசு கொடுத்து நேர்மையாக வாங்கிய சாதாரண ஆட்களின் கையிலும் அவை இருந்தன. தங்கள் பெயருக்கு மாற்ற முடியாமல், விற்கவும் முடியாமல் ஆண்டுக்கணக்கில் அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு அலைந்தார்கள். சரிவைப் பற்றிய எந்தப் படத்திலும் அவர்கள் முகம் வருவதில்லை.

2008 ஜனவரி இன்னும் நுணுக்கமானது. ரிலையன்ஸ் பவர் ஐபிஓ 15-ஆம் தேதி திறந்தது. 11,500 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டும் வெளியீடு, விண்ணப்பங்கள் அதைப் போல 70 மடங்குக்கு மேல். அப்போதெல்லாம் விண்ணப்பப் பணம் முன்கூட்டியே கணக்கிலிருந்து போய்விடும். சந்தையில் சுற்ற வேண்டிய பணம் அங்கே மாட்டிக்கொண்டது. ஃப்யூச்சர்ஸில் சின்ன முதலீட்டாளர்கள்கூடப் பெரிய பொசிஷன் வைத்திருந்தார்கள். 21-ஆம் தேதி திங்களன்று சென்செக்ஸ் 1,408 புள்ளி விழுந்தது. அன்றிரவு தரகர் அலுவலகங்களிலிருந்து மார்ஜின் கேட்டு அழைப்புகள் பறந்தன. செவ்வாய் காலை திறந்த சில நிமிடங்களில் 10 சதவீத லோயர் சர்க்யூட், ஒரு மணி நேரம் சந்தை நிறுத்தம்.

அந்த இரண்டு நாட்களும் நம் தொலைக்காட்சிகள் அமெரிக்க மந்தநிலையைப் பற்றிப் பேசின. அது பொய்யல்ல. ஆனால் அதே நாட்களில், வெளியே யாருக்கும் தெரியாமல், பிரான்ஸின் சொசியெத்தே ஜெனரால் வங்கி ஒரு மலையை இறக்கிக்கொண்டிருந்தது. ஜெரோம் கெர்வியல் என்ற ஊழியர் அனுமதியின்றிக் கட்டிவைத்த, சுமார் 5,000 கோடி யூரோ மதிப்புள்ள ஃப்யூச்சர்ஸ் பொசிஷனை அந்த வங்கி வார இறுதியில் கண்டுபிடித்தது. ஜனவரி 21 முதல் 23 வரை மூன்று நாட்களில் அதை ஐரோப்பியச் சந்தைகளில் விற்றுத் தீர்த்தது. 24-ஆம் தேதிதான் 490 கோடி யூரோ நட்டம் என்று உலகுக்கு அறிவித்தது. உலகச் சந்தைகள் எல்லாம் விழுந்ததற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. விலை விழுந்துகொண்டிருந்த நேரத்தில் யார் எவ்வளவு விற்கிறார்கள் என்று சந்தையில் இருந்தவர்களுக்கே தெரியாது என்கிறேன். காரணங்கள் மட்டும் அன்றன்றே சொல்லப்பட்டுவிட்டன.

2010 மே 6 அன்று மதியம் அமெரிக்காவில் ஒரு நிதி நிறுவனம் 75,000 ஃப்யூச்சர்ஸ் ஒப்பந்தங்களைத் தானியங்கி நிரல் வழியாக விற்க உட்கார்ந்தது. விலை எவ்வளவு என்று பார்க்காமல், சந்தையில் எவ்வளவு வியாபாரம் நடக்கிறதோ அதற்கேற்ப விற்கும்படி நிரலுக்குச் சொல்லியிருந்தார்கள். டவ் சில நிமிடங்களில் முந்தைய நாளைவிட ஏறக்குறைய 1,000 புள்ளி கீழே போய், பெரும்பகுதி மேலே வந்துவிட்டது. இடையில் அக்சென்சர் பங்கு ஒரு சென்ட்டுக்குக் கைமாறியது. நமக்கும் 2012 அக்டோபர் 5-இல் ஒரு சிறிய பதிப்பு நடந்தது. ஒரு தரகு அலுவலகத்தில் தவறாக அடித்த ஆர்டர்களால் நிஃப்டி நொடிகளில் 15 சதவீதத்துக்கு மேல் விழுந்து, சந்தை நிறுத்தப்பட்டு, பிறகு திரும்பியது. இவற்றை மேலே சொன்னவற்றோடு ஒரே வரிசையில் வைக்க எனக்கு விருப்பமில்லை. அங்கே கடன் இல்லை, வாங்குபவர் இல்லாத கணம் ஒன்று மட்டும்தான் இருந்தது.

2024 ஆகஸ்ட் 5 பழைய வகை. ஜப்பானில் வட்டி கிட்டத்தட்ட பூஜ்யமாக இருந்ததால் யென்னைக் கடன் வாங்கி உலகெங்கும் முதலீடு செய்தவர்கள் ஏராளம். ஜூலை 31-இல் ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதமாக்கியது. வெறும் கால் சதவீதம். யென் ஏறியது, கடனின் சுமையும் கூடியது, கடனைத் தீர்க்கக் கையிலிருந்ததை விற்க வேண்டியதாயிற்று. நிக்கேய் ஒரே நாளில் 4,451 புள்ளி, 12.4 சதவீதம் விழுந்தது. மறுநாள் 10 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ஜப்பானிய நிறுவனங்களின் தொழில் 24 மணி நேரத்தில் கெட்டு, அடுத்த 24 மணி நேரத்தில் திருந்தியிருக்க முடியாது.

2020 மார்ச் 13 வெள்ளிக்கிழமையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். காலையில் நம் சந்தை லோயர் சர்க்யூட், 45 நிமிடம் நிறுத்தம். மாலையில் முந்தைய நாளைவிட 1,325 புள்ளி மேலே. ஆனால் மார்ச் 23-இல் சென்செக்ஸ் 3,934 புள்ளி, 13.15 சதவீதம் விழுந்தபோது அன்று மாலை எந்த மீட்சியும் வரவில்லை. இரண்டு நாளும் அதே கொரோனாதான்.

சர்க்யூட் பிரேக்கர் இதற்குத் தீர்வா என்று கேட்பார்கள். 1987-க்குப் பிறகு அமெரிக்காவும், 2001-இல் நம் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியும் கொண்டுவந்த ஏற்பாடு அது. நம் நாட்டில் குறியீடு 10, 15, 20 சதவீதம் அசைந்தால் சந்தை நிற்கும். அது தேவை என்பதே என் கருத்து. வாங்கும் மனமுள்ளவருக்கு யோசிக்கவும் பணம் திரட்டவும் அது நேரம் தருகிறது. ஆனால் விற்றே ஆக வேண்டியவரின் கடனை அது குறைப்பதில்லை. ஹாங்காங் 1987 சரிவுக்கு மறுநாள் சந்தையை வாரம் முழுக்க மூடியது. அடுத்த திங்கட்கிழமை திறந்தபோது ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. சீனா 2016 ஜனவரியில் 5 சதவீதத்துக்கும் 7 சதவீதத்துக்கும் எல்லை வைத்தது. இரண்டும் அவ்வளவு அருகில் இருந்ததால், முதல் எல்லையைத் தொட்டதும் இரண்டாவதற்குள் மாட்டிக்கொள்ளாமல் விற்றுவிட எல்லோரும் ஓடினார்கள். ஜனவரி 7 அன்று திறந்து அரை மணி நேரத்துக்குள் அந்த நாளின் வியாபாரமே முடிந்தது. அடுத்த நாள் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் படித்த பிறகு குறியீடு எத்தனை புள்ளியில் இருக்கிறது என்பதைவிட, கடன் எவ்வளவு என்பதையே நான் அதிகம் பார்க்கிறேன். மார்ஜின் டிரேடிங்கில் தரகர்கள் கொடுத்திருக்கும் தொகையைப் பங்குச்சந்தைகள் வெளியிடுகின்றன. ப்ரமோட்டர்கள் அடகு வைத்திருக்கும் பங்குகளின் விவரமும் காலாண்டுதோறும் வருகிறது. பார்க்க விரும்புகிறவர் பார்க்கலாம்.

பார்க்க முடியாதது ஒன்று உண்டு, அதுதான் எனக்குக் கவலை. ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் பணத்தை இழந்திருக்கிறார்கள் என்று செபியின் 2024 ஆய்வு சொன்னது. மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதே ஆண்டு நவம்பரில் செபி ஒப்பந்த அளவை 15 லட்ச ரூபாயாக உயர்த்தியது, வாராந்திர எக்ஸ்பைரிகளையும் குறைத்தது. இரண்டையும் நான் வரவேற்கிறேன். ஆனால் அந்த இழப்பில் எவ்வளவு தனிநபர் கடன் செயலிகளில் வாங்கியது, எவ்வளவு கிரெடிட் கார்டில் எடுத்தது, எவ்வளவு வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லாமல் நகையை அடகு வைத்தது? தரகரின் கணக்கில் அது வாடிக்கையாளரின் சொந்தப் பணமாகத்தான் பதிவாகிறது. எந்த அறிக்கையிலும் அது கடன் என்ற தலைப்பில் வருவதில்லை. அடுத்த பெரிய சரிவில் விற்றே ஆக வேண்டியவர்கள் வரிசையில் இப்படிக் கடன் வாங்கிய இருபத்தைந்து வயதுப் பையன்கள் எத்தனை பேர் நிற்கப்போகிறார்கள் என்பதை எண்ணிச் சொல்ல இன்றைக்கு ஒரு கணக்கும் இல்லை. அந்தக் கணக்கை எடுக்கும்படி செபியையும் ரிசர்வ் வங்கியையும் நாம் விடாமல் கேட்க வேண்டும்.